ரப்பரைக் கழற்றிய கார்

எங்கள் ஊரில் அதிர்ச்சியை மனிதர்கள் வாங்கிக்கொள்வதில்லை. காரின் அடியில் இருக்கும் ரப்பர் வாங்கிக்கொள்ளும்.

அதனால் கெட்ட செய்தி கொண்டுவருகிறவர்கள் வீட்டுக்குள் வந்ததும் உட்கார மாட்டார்கள். "சாவி எங்கீங்க?" என்றுதான் கேட்பார்கள். வீட்டுக்காரர் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொள்வார். எல்லோரும் காரில் ஏறிப் பக்கத்தில் இருக்கும் வேகத்தடைக்குப் போவார்கள். முன் சக்கரம் ஏறும்போது வாயைத் திறந்து, பின் சக்கரம் இறங்குவதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும். நீளமான செய்தி என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து மீதியைச் சொல்வார்கள்.

காரின் பின்சக்கரங்களை ஓர் இரும்புச் சட்டம் தாங்குகிறது. அந்தச் சட்டத்துக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவில், நாலு மூலையிலும், ரப்பர் உருளைகள் இருக்கின்றன. புஷ் என்பார்கள். செய்தி காதுக்கு வரும். அதிர்ச்சி புஷ்ஷுக்குள் போய்விடும். கேட்டவர் "அப்படீங்களா" என்று சொல்லிவிட்டு, வருகிற வழியில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார்.

கார் இல்லாதவர்கள் வாடகைக் கார் பிடிப்பார்கள். ஆட்டோவில் சொல்லக் கூடாது. பாதி அதிர்ச்சி மடியிலேயே விழுந்துவிடும். பஸ்ஸில் சொன்னால் அது யாருக்கோ போய்ச் சேரும்.

நவநீதன் இறந்த செய்தியையும் எங்களுக்குக் காரில் வைத்துத்தான் சொன்னார்கள். அவன் எங்கள் ஒரே மகன். கல்லூரி மைதானத்தில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தவன், பந்தை எடுக்கக் குனிந்தபடியே விழுந்துவிட்டான். நானும் என் கணவர் தண்டபாணியும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, சின்ன வயது டாக்டர் ஒருவர் படியிறங்கி வந்து, எங்கள் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினார்.

"கார்லதான வந்தீங்க?"

"ஆமாங்க," என்று இவர் சாவியைக் கொடுத்தார்.

டாக்டரே ஓட்டினார். நாங்கள் இருவரும் பின்னால் உட்கார்ந்தோம். ஆஸ்பத்திரி வளாகத்து வேகத்தடையை, ஊரில் இருக்கும் மற்றவற்றைவிட உயரமாகக் கட்டியிருந்தார்கள். அதில் ஏறும்போது டாக்டர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சொன்னார். வண்டி தூக்கிப் போட்டது. அடியில் ரப்பர் "ம்" என்றது.

"அப்படீங்களா," என்றார் தண்டபாணி.

"எப்பங்க எடுத்துட்டுப் போலாம்?" என்று நான் கேட்டேன்.

காரியங்களை எல்லாம் முறையாகச் செய்தோம். உறவினர்கள் வந்தார்கள், காபி குடித்தார்கள், பந்தலுக்குக் கீழே யாருடைய கார் எவ்வளவு மைலேஜ் தருகிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் அழவில்லை. அழுவதற்கான பொருள் எங்கள் கைக்கு வரவே இல்லை.

அதற்குப் பிறகு ஏழு வருடம் போய்விட்டது. நான் கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களை ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுத்துப் பலகையை வாசிக்கச் சொல்வது என் வேலை. தண்டபாணி மில்லில் மேஸ்திரியாக இருந்தார். மில் மூடியபின் ஒரு நூல் கடையில் இருக்கிறார். நவநீதன் இறந்துவிட்டான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். வீட்டுக் கதவு எண் தெரிவதுபோலத் தெரியும்.

போன ஆவணியில் கார் பின்பக்கம் தட்ட ஆரம்பித்தது. சின்னப் பள்ளத்தில் இறங்கினால்கூட "டொக்" என்றது. திருப்பங்களில் பின்பாகம் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் கூட வந்தது. புஷ் தேய்ந்துவிட்டது என்று தண்டபாணி சொன்னார். பார்க்கலாம், பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் உழவர் சந்தைக்குக் கிளம்பியபோது பங்கஜவல்லி டீச்சரும் கூட வந்தார். அவர் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பின் சீட்டில் இடது பக்கம், மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர்த் தொட்டிப் பக்கத்து வேகத்தடையில் கார் ஏறி இறங்கியது. டொக்.

டீச்சர் பையைக் கீழே போட்டார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பிறகு கத்தினார்.

"அடே நவநீதா! செவப்பப் போட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டியேடா! ஃபாலோ போட வல்லியேடா!"

அவர் எங்கள் மகனைப் பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டில் மாட்டியிருக்கும் படத்தைக்கூட அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆனால் சந்தை வரும்வரை, முன் சீட்டின் முதுகில் நெற்றியை முட்டி முட்டி அழுதார். தண்டபாணி சாலையைப் பார்த்தே ஓட்டினார். எனக்கு எந்தச் சிவப்பு என்று விளங்கவில்லை.

சந்தை வாசலில் இறங்கியதும் டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க வீட்டுச் சரக்கு எம்மேல ஒழுகிருச்சு ரத்தினா. தப்பா நெனச்சுக்காதீங்க."

"பரவால்லீங்க டீச்சர்," என்றேன்.

அவர் கத்தரிக்காய்க் கடைக்குப் போனார். நான் சந்தை வாசலிலேயே நின்றேன். எங்கள் மகனுக்காக முதன்முதலில் அழுதவர் பக்கத்து வீட்டு டீச்சர் என்பது எனக்குள் சென்று எங்கோ சிக்கிக்கொண்டது. அது அதிர்ச்சி இல்லை. அதிர்ச்சி என்றால் என்னவென்று எனக்கு அப்போது தெரியாது. வேறு யாரோ நம் வீட்டுத் தட்டில் சாப்பிட்டுவிட்டுக் கழுவி வைத்ததுபோல் இருந்தது.

அன்று மத்தியானம் சாப்பாட்டின்போது தண்டபாணி தாமாகவே பேச்சை எடுத்தார்.

"புது ரப்பர் போட்டரலாம் அம்மணி. இனி யார் மேலயும் ஒழுகாது."

"பழசுல இருக்கறது?"

"அது ரப்பரோடயே போயிரும். பழைய புஷ்ஷையெல்லாம் செங்கச் சூளையில போட்டு எரிச்சர்றாங்க."

"நவநீதனுதும் எரிஞ்சுருமா?"

அவர் ரசத்தைக் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார். "அவனையே ஒருக்கா எரிச்சாச்சு ரத்தினா."

"அவன எரிச்சமுங்க. அன்னிக்கு நமக்கு ஒண்ணுமே ஆகலையே. வரட்டிய அடுக்குனதுல கோணல் இருக்குதுன்னு நீங்க அந்த ஆளுகிட்டச் சொல்லீட்டு நின்னீங்க."

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"ரப்பர் வேண்டாங்க," என்றேன். "ரேஸ் காருக்குப் போடறாங்களே, கெட்டி அலுமினியம், அதப் போட்டரலாம். எல்லாம் நேரா வரட்டும்."

"வந்துட்டாத் திருப்பி அனுப்ப முடியாது."

"தெரியுமுங்க."

"நீ தாங்குவியா?"

"டீச்சர் தாங்குனாங்க. அழுது முடிச்சதும் கத்திரிக்காயப் பேரம் பேசித்தான் வாங்குனாங்க."

அவர் எழுந்து போய்க் கையைக் கழுவினார். திங்கட்கிழமை கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு, காருக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

அமீர்ஜானின் பட்டறை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அவர் ரேஸ் கார்களுக்கு வேலை செய்கிறவர். ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கு எந்தச் செய்தியும் தாமதமாக வரக் கூடாது. சக்கரம் வழுக்கினால் அந்தக் கணமே முதுகில் தெரிய வேண்டும். அதனால் அவர்கள் ரப்பரைக் கழற்றிவிட்டு, லேத்தில் கடைந்த அலுமினிய உருளைகளைப் போட்டுக்கொள்கிறார்கள். அவர்கள் வீட்டில் எல்லோரும் உரிய நாளில் அழுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

அமீர்ஜான் எங்கள் காரைச் சுற்றி வந்தார்.

"இது தெருவுல ஓடற வண்டிங்க்கா. இதுக்கு ரப்பர்தான் சொகம். அலுமினியம் போட்டா ரோட்ல எறும்பு செத்துக் கெடந்தாக்கூட முதுகுல தெரியும். அண்ணன் என்னுங்ணா சொல்றீங்க?"

"அவ சொல்றதுதான்," என்றார் தண்டபாணி.

"சத்தமும் வரும். கியர் பாடும். காத்து கேக்காது, கல்லுதான் கேக்கும்."

"கேக்கட்டுங்க தம்பி," என்றேன்.

காரைத் தூக்கி நிறுத்தினார்கள். அமீர்ஜான் தடித்த வெல்டிங் கையுறைகளை மாட்டிக்கொண்டார். பிறத்தியார் வீட்டுச் சரக்கு கையில் ஒட்டினால் அன்றைக்குச் சோறு இறங்காது என்றார். சட்டத்துக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, போல்ட்டுகளைத் தளர்த்தி, சட்டத்தை மெதுவாக இறக்கினார். முன் மூலைகளில் இருந்த இரண்டு புஷ்ஷும் பிரஸ்ஸில் வைத்து அழுத்தியதும் வந்துவிட்டன. பின் மூலைகளில் இருந்தவை வரவில்லை. இரண்டும் ஊதிப்போய்த் துளையோடு இறுகியிருந்தன. இடது பக்கத்தது மட்டும் ஓரத்தில் வெடித்திருந்தது. ரம்பத்தால் அறுத்துத்தான் எடுத்தார். வெளியே வந்த ரப்பர் சிமென்ட் தரையில் விழுந்தது. துள்ளவில்லை.

"நல்ல கனமுங்க்கா," என்றார் அமீர்ஜான்.

நாலு ரப்பர்களையும் அவர் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரஸ்ஸில் வைத்து நசுக்கினார். ஒவ்வொன்றிலிருந்தும் கஞ்சித் தண்ணீர்போல ஒன்று வடிந்தது. எது எந்த மூலையில் இருந்ததோ, அதிலிருந்து வடிந்ததை அந்த மூலையின் துளையிலேயே பிரஷ்ஷால் தடவினார். அதைத் தடவினால்தான் அலுமினியம் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும் என்றார். பளபளவென்று நாலு உருளைகள் உள்ளே போயின. சட்டத்தை மறுபடி தூக்கி, போல்ட்டுகளை முறுக்கினார். இப்போது சாலைக்கும் எங்களுக்கும் நடுவில் மிருதுவாக எதுவும் இல்லை. சீட்டின் பஞ்சு மட்டும் இருந்தது. அது கணக்கில் வராது.

"டெஸ்ட் டிரைவ் நான் வர மாட்டனுங்க," என்றார் அவர். "மொத ஓட்டத்துல உள்ள தடவுனதெல்லாம் ஏறி வரும். சின்னது முன்னால, பெருசு பின்னால. எடது பக்கத்துது எடது பக்கமே வரும். வலது பக்கத்துது வலது பக்கம். ரெண்டு பேரும் முன்னாலயே உக்காந்துக்குங்க. அண்ணா, ஸ்டியரிங்க மட்டும் உட்டராதீங்க."

தண்டபாணி வலது பக்கம் ஏறி ஓட்டினார். நான் இடது பக்கம் உட்கார்ந்தேன்.

பட்டறை வாசலைத் தாண்டியதும் சாலை எங்களுக்குள் வந்துவிட்டது. தார் எங்கே நைசாக இருக்கிறது, எங்கே குழாய்க்காகத் தோண்டி மூடியிருக்கிறார்கள், எல்லாமே முதுகெலும்பில் தெரிந்தது. பின்னால் கியர், ஒரே சுரத்தில், வாயை மூடிக்கொண்டு பாடியது.

"ரோடு முதுகுல எழுதற மாதிரி இருக்குது," என்றார் தண்டபாணி.

"என்ன எழுதுதுங்க?"

"வாசிக்க வர்ல."

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருந்த வேகத்தடையில் ஏறினோம். என் மார்பில் கட்டி இருக்கிறது என்று டாக்டரம்மா சொல்வது கேட்டது. அது பல வருடத்துக்கு முந்திய விஷயம். சாதாரணக் கட்டிதான் என்று மறுவாரமே சொல்லிவிட்டார்கள். ஆனால் ரப்பர் நல்ல செய்தியைப் பிடித்து வைப்பதில்லை. கெட்டது மட்டும்தான் அதில் இருந்தது. ஒன்றுமில்லை என்று நன்றாகத் தெரிந்திருந்தும், செத்துவிடுவேன் என்று நடுங்கினேன்.

"ஐயோ!" என்றார் தண்டபாணி பக்கத்தில். "மில்ல மூடிட்டாங்க ரத்தினா!"

"ஆமாங்க."

"எழுநூறு பேரு! என்ன பண்ணுவாங்க எல்லாரும்? நம்ம சென்றாயன் என்ன பண்ணுவான்?"

"அவரு பேக்கரி வெச்சு நல்லா இருக்கறாருங்க. போன மாசங்கூடப் பன்னு வாங்கிட்டு வந்தீங்களே."

"மூடிட்டாங்களே," என்று அவர் ஸ்டியரிங்கில் அறைந்தார். ஹாரன் அடித்தது. முன்னால் போய்க்கொண்டிருந்த பால் வண்டிக்காரர் கையை ஆட்டி வழிவிட்டார்.

அடுத்த வேகத்தடையில் என் அத்தை மகள் சுகந்தி, முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால், மாப்பிள்ளையின் அண்ணனோடு மண்டபத்தின் பின்வாசல் வழியாகப் போய்விட்டாள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவளுக்கு இப்போது பேரன் இருக்கிறான். தண்டபாணிக்கு அதே இடத்தில் அவருடைய அம்மாவின் காலை எடுக்க வேண்டும் என்று சொன்னார்கள். அவர் சத்தம் போடாமல் அழுதார். கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கையை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கை விடக் கூடாது என்று சொல்லியிருந்தார்களே. நான் என் கைக்குட்டையால் துடைத்துவிட்டேன்.

அதற்கப்புறம் ரயில்வே கேட் வந்தது. திறந்திருந்தது. தண்டபாணி வேகத்தைக் குறைத்தார்.

"இதாத்தான் இருக்கும்," என்றார்.

"போங்க," என்றேன்.

முன் சக்கரம் தண்டவாளத்தில் ஏறியது. என் வலது கை ஆள்காட்டி விரல் சுண்டிக்கொண்டு நின்றது.

நான் ஒரு கேரம் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். வாழ்நாளில் நான் கேரம் ஆடியதில்லை. பலகையில் பவுடர் வாசனை அடித்தது. எதிரில் நவநீதன் ஒரு காலை மடித்துப் போட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, சிவப்புக் காயைக் குழிக்குள் தள்ளினான். தள்ளிவிட்டு என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். சிவப்பைப் போட்டால் கூடவே இன்னொரு காயைப் போட வேண்டும். அதுதான் ஃபாலோ. போடாவிட்டால் சிவப்பு அவனுடையது ஆகாது. அதற்குள் வாசலில் நண்பன் பைக்கில் வந்து ஹாரன் அடித்தான். "வந்து போடறேம்ப்பா. காய நகத்தீராதீங்க," என்று சொல்லிவிட்டு, செருப்பை இழுத்துக்கொண்டே ஓடினான். நான் பலகைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். என் விரல் அடிப்பதற்குத் தயாராக இருந்தது. பிறகு டாக்டரின் கண்கள் கண்ணாடியில் தெரிந்தன.

அது என் அதிர்ச்சி அல்ல என்பது அப்போதுதான் விளங்கியது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பின் சீட்டில் டாக்டருக்கு நேர் பின்னால், வலது பக்கம் உட்கார்ந்தவள் நான். இடது பக்கம் தண்டபாணி உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு இடம் மாறியிருந்தது.

இது அவருடையது. நான் அதை வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. ஓர் ஆள் ஓடிவந்து மோதுவதுபோல அது என்மேல் மோதியது. மூச்சு வெளியே போய்விட்டது. உள்ளே வரவில்லை. காதுக்குள் ஒரு பெரிய பாத்திரம் விழுந்து, விழுந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. என் மகன் செத்துவிட்டான் என்று யாரோ அப்போதுதான் சொன்னார்கள். ஏழு வருடமாகத் தெரிந்த விஷயத்தை அந்த நிமிடம் கேள்விப்பட்டேன்.

பின் சக்கரம் ஏறி இறங்கியது. தண்டபாணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கின்மேல் சாய்ந்தார். வண்டி கேட்டைத் தாண்டி, ஓரமாகப் போய், தானாக நின்றது.

"ரத்தினா," என்றார். "உள்ள என்னமோ பண்ணுது."

"என்ன பண்ணுதுங்க?"

"விக்கல் எடுக்குது. எனக்கு இல்ல. வயித்துக்குள்ள. சின்னதா. ஒண்ணு... ஒண்ணு... ஒண்ணு."

நான் அவரைப் பார்த்தேன். நவநீதன் வயிற்றில் இருந்தபோது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் அவனுக்கு விக்கல் எடுக்கும். கையை வைத்துப் பார்த்தால் வெளியே தெரியாது. உள்ளே எனக்கு மட்டும் தெரியும். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு அதில் ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தேன்.

அவர் உள்ளங்கையை அடிவயிற்றில் வைத்துக்கொண்டு கவனித்துக் கேட்டார். அவருடைய முகம் அவ்வளவு மிருதுவாக நான் பார்த்ததில்லை. பிறகு அது மாறியது.

"நின்னுருச்சு," என்றார். "ரத்தினா, நின்னுருச்சு. விக்கல் நின்னுருச்சு."

அவர் கத்தினார். ஆண்கள் கத்துவதுபோல் இல்லை. அது நான் கத்தியிருக்க வேண்டிய சத்தம். அந்த வளாகத்தில், அந்த டாக்டருக்குப் பின்னால், நான் கத்தியிருக்க வேண்டியது. நான் அவருடைய அழுகையை அழுதேன். அது வறண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, விட்டு விட்டு வந்தது. பழக்கமில்லாததால் எனக்குத் தாடை வலித்தது.

பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன. கேட் ஓரத்தில் கொய்யாப்பழம் விற்கும் அம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து, ஜன்னலில் குனிந்தார்.

"அலுமினியம் போட்டுட்டீங்களாக்கும்?"

"ஆமாங்க," என்றேன் தாடையைப் பிடித்துக்கொண்டு.

"நல்லா அழுதுட்டு மெதுவாப் போங்க சாமி. வண்டிகள நான் அந்தப் பக்கமாத் திருப்பி உடறேன்."

அவர் நடுச்சாலையில் நின்று, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, லாரிகளைக் கை காட்டி அனுப்பினார். ஒரு லாரிக்காரர் எங்களைக் கடக்கும்போது தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

வெகுநேரம் கழித்துத் தண்டபாணி நிமிர்ந்தார்.

"நமக்கு மாறி வந்துருச்சு."

"ஆமாங்க."

"வேணும்னா நீ இந்தப் பக்கம் வந்து ஓட்டு. நான் அந்தப் பக்கம் உக்காந்துக்கறேன். திரும்ப ஒருக்கா கேட்டத் தாண்டுனா அவங்கவங்களுது அவங்கவங்களுக்கு வந்துரும்."

நான் யோசித்தேன். அவர் இன்னும் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

"உங்களுது எங்கிட்டயே இருக்கட்டுங்க," என்றேன். "என்னுத நீங்க வெச்சுக்குங்க."

"வெச்சுக்கட்டுமா?"

"ம்."

அவர் தலையாட்டினார். அந்தக் கேரம் காய்களை அப்புறம் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"நான் நகத்தல. அப்படியேதான் வெச்சிருந்தேன். கருமாதிக்கு வந்த உங்க அக்கா புள்ளைக எடுத்து ஆடிட்டாங்க. அன்னிக்கு எனக்கு ஒண்ணும் தோணல."

எனக்கு அந்தப் பிள்ளைகள்மேல் கடுமையான கோபம் வந்தது. அதில் ஒருத்தி இப்போது வக்கீல். அவளுக்குப் போன் செய்து நன்றாகத் திட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க சொல்றது சரிதானுங்க சித்தி, தப்புதான்," என்றாள். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

கொய்யாப்பழக்கார அம்மாள் ஆளுக்கொரு பழத்தை மிளகாய்ப்பொடி தடவிக் கொடுத்தார். தின்றுவிட்டுக் கிளம்பினோம். வழியெல்லாம் இரண்டு பேரும் அழுதுகொண்டே வந்தோம். ஒருவர் ஓய்ந்தால் மற்றவர் ஆரம்பித்தோம். எங்கள் உடம்பு நடுங்கியது. அந்த நடுக்கம் சீட்டில் இறங்கி, சட்டத்தில் இறங்கி, சக்கரம் வழியாகப் போய்க்கொண்டே இருந்தது. அலுமினியம் இரண்டு பக்கமும் கடத்தும்.

மறுநாள் காலையில் வீட்டுக் கதவைத் திறந்தபோது, நாங்கள் வந்த சாலை முழுவதும் நரைத்திருந்தது. ரயில்வே கேட்டிலிருந்து எங்கள் வீட்டு வாசல்வரை, கறுப்பாக இருந்த தார் ஒரே இரவில் வெளுத்து, ஓரங்களில் மட்டும் கொஞ்சம் கறுப்பு பாக்கி இருந்தது. மற்றத் தெருக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நெடுஞ்சாலைத் துறையிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். வாளிகளில் சாயம் கலக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய மேஸ்திரி எங்களைப் பார்த்து வணக்கம் சொன்னார்.

"ரயில்வே கேட்ல இருந்து அடிச்சுட்டு வர்றோமுங்க. மத்தியானத்துக்குள்ள உங்க வாசலுக்கு வந்துருவோம்."

தண்டபாணி செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் சாலைமேல் நடந்து பார்த்தார். குனிந்து கையாலும் தடவினார்.

"எங்க வாசல்ல மட்டும் அப்படியே உட்ருங்க," என்றார். "சாயம் வேண்டாம்."

"உட்டர்றமுங்க. ஆனா சீவாம உட முடியாது. மேல ஆபீஸர் கேப்பாங்க," என்ற மேஸ்திரி, வெள்ளைக் கோடு போடுகிற வண்டியை உருட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலுக்கு நேராக நிறுத்தினார். "வகிடு நடுவுல எடுக்கட்டுங்களா, ஓரத்துல எடுக்கட்டுங்களா?"

இவர் என்னைப் பார்த்தார். ஓரத்தில் எடுக்கச் சொன்னேன். அன்றிலிருந்து எங்கள் வாசலைக் கடக்கும் வண்டிகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தே போகின்றன.